நூறு கஜ ஓட்டத்துக்கு நாங்கள் ஊட்டியது

என் வீட்டுக்காரர் தீயணைப்பு வேலை பார்த்தவர் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்ணை அகல விரித்துக்கொண்டு கதை கேட்க உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். நெருப்போடு அவர் மல்லுக்கு நின்றது வருஷத்துக்கு ஏழெட்டு தடவை இருக்கும். அதிலெல்லாம் நல்லபடியாகத்தான் திரும்பி வந்தார். அவரைக் குழி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது என் அடுப்படி. அதையும் சொல்கிறேன் என்றால் பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஆவடியில் ஒரு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் சின்னப் பிள்ளைகளோடு இருந்தோம். எங்களுக்கு ஊர் விருதுநகர்ப் பக்கம். தொழிற்சாலைக்குச் சொந்தமாகத் தீயணைப்பு நிலையம் ஒன்று இருந்தது. அதில் அவர் ஃபயர்மேன். வெளியே எங்கேயாவது பெரிய தீ என்றால் எங்கள் வண்டியையும் கூப்பிடுவார்கள். அந்த வண்டியின் டிரைவர் வெள்ளானூர்க்காரர், ஒல்லியான மனுஷன், அங்கேயே பிறந்து வளர்ந்த விவசாயக் குடும்பம். என் வீட்டுக்காரரை மச்சான் என்பார், என்னை அண்ணி என்பார். என் சமையலை என் முகத்துக்கு நேராகவே குறை சொல்கிற தைரியம் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

நிலையத்தில் ஒரு பழக்கம் உண்டு. தீயை அணைத்துவிட்டுத் திரும்பியதும் குளிப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஓர் அச்சு வெல்லம் தின்ன வேண்டும். நெஞ்சுக்குள் போன புகையை வெல்லம் அரித்துக்கொண்டு வந்துவிடும் என்று அவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. யார் ஆரம்பித்து வைத்ததோ தெரியாது. அலமாரியில் முதலுதவிப் பெட்டி காலியாகக் கிடக்கும், வெல்லம் மட்டும் தீர்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் திருமழிசையில் ஒரு கிடங்கு எரிந்தது. மெத்தைக்குள் வைக்கிற ரப்பர் பஞ்சு அடுக்கி வைத்திருந்த கிடங்கு. தீயை விடப் புகைதான் பேய் மாதிரி வந்தது என்றார். உள்ளே யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று இவர்தான் முதலில் போனார், கடைசியாக வெளியே வந்தார். உள்ளே ஒரு நாய்தான் இருந்ததாம். வீட்டுக்கு வந்து கரிக்கரியாகத் துப்பினார். நான் திட்டத் திட்டச் சிரித்தார். இருமல் ஒரு வாரத்தில் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் தாகம் ஆரம்பித்தது. காலையில் நான் நிரப்பி வைக்கிற பானை மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். செம்பை வாயிலிருந்து எடுக்காமல் குடிப்பார், குடித்த கையோடு கொல்லைப்பக்கம் போவார். பசியும் அப்படித்தான். தட்டில் எவ்வளவு வைத்தாலும் போதாது. அவ்வளவு தின்கிற மனுஷன் தேய்ந்துகொண்டே போனார். காக்கிப் பேண்ட்டு இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டுக் கொடுத்தேன், அடுத்த மாதம் இன்னோர் ஓட்டை போட வேண்டியதாயிற்று.

தொழிற்சாலை மருந்தகத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த கம்பவுண்டர் நாக்கை நீட்டச் சொன்னார், திருமழிசைத் தீயைப் பற்றி விசாரித்தார், ஒரு பாட்டில் சிவப்பு டானிக்கைக் கொடுத்தார். காய்ச்சலுக்குப் போனாலும் அந்த டானிக்தான், கால் சுளுக்குக்குப் போனாலும் அந்த டானிக்தான். சர்க்கரைப் பாகு மாதிரி இருக்கும். மூன்று பாட்டில் வாங்கிக் குடித்தார்.

டிரைவர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணி, அந்தப் பொகை சும்மா போயிடும்னு நெனச்சிகினு கீறியா? உள்ள குந்திகினு ஆளத் துன்னுது. டானிக்கெல்லாம் வேலைக்கு ஆவாது. நல்லா இனிப்பா, குளிர்ச்சியா குட்துகினே இரு. அத்தத் தள்ளி வெளியே அனுப்பணும்."

எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது. புகைக்குள் போய் வந்த மனுஷனுக்கு உடம்பு கெட்டால் வேறு எதைச் சந்தேகப்படத் தோன்றும்? டிரைவர் தன் நிலத்திலிருந்து இளநீர் கொண்டுவந்து போட்டார். நிலையத்தில் இருந்தவர்கள் தங்கள் பங்கு வெல்லத்தைத் தின்னாமல் பொட்டலம் கட்டி எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் கேழ்வரகுக் கூழில் வெல்லம் கரைத்துக் கொடுத்தேன். பாலில் வாழைப்பழத்தைப் பிசைந்து கொடுத்தேன். பேரீச்சம்பழம், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கரும்புச் சாறு, எது கிடைத்தாலும் கொடுத்தேன். மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைத்து வேண்டிக்கொண்டேன். அதைப் பிழிந்து சர்க்கரையை அள்ளிப் போட்டு அவர் வாயில் ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு, பக்தியோடு ஊற்றினேன்.

கொல்லைப்பக்கத்துச் சாக்கடை வாயில் எறும்பு மொய்க்க ஆரம்பித்தது. கூழை அங்கே கொட்டிவிட்டார் என்று நினைத்து அவரைப் பிடித்துக் கிழிகிழியென்று கிழித்தேன்.

"ராத்திரியும் பகலும் அடுப்புல வேகுறேன், நீங்க கொண்டுபோய்க் கொட்டிட்டு வர்றீங்களா?"

"சத்தியமா ஒரு சொட்டுக் கொட்டல. தட்டை வழிச்சு நக்கிட்டுத்தான் எழுந்திருக்கேன், நீதானே பார்த்த."

அவர் பொய் சொல்கிற ஆளில்லை. நான் எறும்பின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றினேன். மறுநாள் மறுபடியும் வந்தது, மறுபடியும் ஊற்றினேன்.

இதற்கு நடுவில் வருஷாந்திர உடற்தகுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. முதலில் எடை பார்ப்பார்கள். குறைந்தபட்ச எடை என்று ஒன்று உண்டு, அதற்குக் கீழே இறங்கக்கூடாது. பிறகு ஓர் ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு நூறு கஜம் ஓட வேண்டும். எரிகிற கட்டடத்திலிருந்து ஆளைத் தூக்கி வர முடியாதவன் வண்டியில் எதற்கு என்பது கணக்கு. தேறாதவனை வண்டியிலிருந்து இறக்கி ஸ்டோரில் போட்டுவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது நிழலில் உட்கார்கிற வேலை. இவருக்கு அதைப் பற்றிப் பேசினாலே முகம் செத்துப்போகும். முந்தின வருஷம் நிலையத்திலேயே பருமனான ஆளைப் பந்தயம் கட்டித் தூக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஓடி முடித்தவர் அவர்.

"ஸ்டோர்ல உட்கார்ந்து சாக்கு எண்றதுக்கு நான் ஊருக்கே போய் ஆடு மேய்ப்பேன்" என்றார்.

அதனால் விடியற்காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடிப் பழகினார். தூக்கி ஓட ஆள் வேண்டுமே. நான் அப்போது நல்ல கனம். என்னைத்தான் தூக்கினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. சேலையைக் காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு மூட்டை மாதிரி அவர் தோளில் தொங்குவேன். எதிர் பிளாக்குக்காரி பால் பூத்துக்குப் போகிற வழியில் நின்று வேடிக்கை பார்ப்பாள்.

"என்னக்கா, கல்யாணம் ஆகிப் பத்து வருஷம் கழிச்சு இப்பத்தான் ஆசை வந்துதா உங்க வீட்டுக்காரருக்கு?"

"உனக்கு வயித்தெரிச்சல்னா உன் புருஷனைத் தூக்கச் சொல்லுடி" என்பேன், தலைகீழாகத் தொங்கிக்கொண்டே.

ஆனால் அவர் தோளில் கிடந்த எனக்குத்தான் தெரியும். முதல் வாரம் என் வயிற்றுக்குக் கீழே சதை இருந்தது. அப்புறம் எலும்பு குத்த ஆரம்பித்தது. ஓடி முடித்த இடத்தை அவரால் நடந்து கடக்க முடியவில்லை. மூச்சு வாங்கும்போது உடம்பு முழுக்க ஆடும். ஒரு நாள் பாதியில் என்னை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் இருக்கிற கம்பம் இரண்டாகத் தெரிகிறது என்றார். யாரிடமும் சொல்லாதே என்றார்.

"எனக்குள்ள எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கு. நீ எவ்வளவு ஊத்தினாலும் நிக்க மாட்டேங்குது" என்று சொல்லி அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்ததும் நான் வெல்லத்தைக் கூட்டிப் போட்டேன். வேறென்ன எனக்குத் தெரியும்?

தேர்வுக்கு முந்தின நாள் அரிசி மில் தராசில் ஏறிப் பார்த்தார். எடை குறைந்தது. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். டிரைவர்தான் வழி சொன்னார். போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது எடை குறைவான பையன்கள் எல்லாம் அதைத்தான் செய்வார்களாம். காலையில் எழுந்ததும் வாழைப்பழத்தை வயிறு முட்டத் தின்ன வேண்டியது, மேலே தண்ணீர் குடிக்க வேண்டியது, ஒண்ணுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு தராசில் ஏற வேண்டியது.

"தூக்குறதுக்கு நான் வரேன் மச்சான். என்னியத் தூக்கிகினு ஓடு. நேத்துலேந்து நான் ஒண்ணும் துன்னல. பச்சத் தண்ணி கூட வாய்ல ஊத்தல. காத்தாட்டம் இருப்பேன் பாரு."

அப்படிப்பட்ட மனுஷன் அந்த டிரைவர். தான் பாரமாக இருக்கக்கூடாதென்று தன் வயிற்றைக் காயப்போட்டுவிட்டு, இவர் வயிற்றை நிரப்ப அரைத் தார் பூவன் பழம் தூக்கிக்கொண்டு வந்தார். விடிவதற்குள் எங்கள் வாசலில் நின்று உரித்து உரித்துக் கொடுத்தார். நான் பானகம் கரைத்துச் செம்பில் நீட்டிக்கொண்டே இருந்தேன். இவருக்குக் குமட்டியது. ஒரு தடவை வாந்தியும் எடுத்தார். எடை போய்விடுமே என்று பதறி, வெளியே போனதற்கு ஈடாக மறுபடியும் ஊட்டினோம். இரண்டு பேரும் சேர்ந்து ஊட்டினோம். நினைத்தால் இன்றைக்கும் என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

பெண்கள் மைதானத்துக்குள் போகக்கூடாது. நான் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். எடை தேறிவிட்டது என்று டிரைவர் அங்கிருந்தே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். எனக்கு உயிர் வந்தது. பிறகு அவரைத் தோளில் போட்டுக்கொண்டு இவர் ஓடினார். ஓட்டம் என்று சொல்லக்கூடாது, கால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது. பாதி தாண்டியதும் நின்றார். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தோளில் இருந்தவரின் தலை அடிபடாமல் கையைக் கொடுத்துத் தரையில் படுக்க வைத்தார். சொல்லிக் கொடுத்தபடி, ஒரு குறை இல்லாமல் செய்தார். அதற்கப்புறம் அவர் பக்கத்திலேயே இவரும் விழுந்தார். நான் வேலியை எப்படித் தாண்டினேன் என்று எனக்குத் தெரியாது. சேலை கிழிந்திருந்ததை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன்.

மூச்சு ஆழ ஆழமாக, இழுத்து இழுத்து வந்தது. வாயிலிருந்து அழுகின பழ வாசனை குப்பென்று அடித்தது. கம்பவுண்டர் குனிந்து முகர்ந்துவிட்டுக் "குடிச்சிருக்காரா?" என்றார்.

"யோவ், பழம் துன்னுட்டு வந்தவன்யா அவன்" என்று டிரைவர் சட்டையைப் பிடிக்கப் போனார்.

நிலையத்து ஜீப்பில் போட்டுக்கொண்டு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அம்பத்தூரில் காலை ஷிப்டுக்குப் போகிற சைக்கிள்கள் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் வெளியே தலையை நீட்டி, வழி விடாதவனையெல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசினேன். திரும்பி அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அங்கே இருந்த டாக்டர் இளவயதுக்காரர். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்று விடாமல், என்னால் ஆனதையெல்லாம் செய்தேன் என்று அவருக்குத் தெரிய வேண்டுமே என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார்.

"இது சர்க்கரை வியாதிம்மா. ரொம்ப முத்திப்போச்சு. அந்த வாசனை பழத்தோடது இல்ல, ரத்தம் கெட்டு வர்றது. புகையால எல்லாம் வந்ததில்ல. பிழைச்சா, இனிமே தினம் ஊசி போடணும். இன்னொரு வாய் இனிப்பு இப்ப உள்ள போச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது."

சர்க்கரை வியாதி எல்லாம் வயசான பணக்காரர்களுக்கு வருகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த வராந்தாவில் உட்கார்ந்து, நான் கரைத்த கூழை, பிசைந்த பழத்தை, ஒவ்வொன்றாக நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன். நான் விஷம் வைத்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வைத்திருக்க மாட்டேன்.

மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தார். கண் திறந்ததும் கேட்டது ஓட்டத்தைப் பற்றித்தான். இரண்டாவது கேட்டது வெல்லம். நெஞ்சு அடைக்கிறது, ஒரு துண்டு போதும் என்றார். நான் தண்ணீர் பிடிக்கப் போய்த் திரும்புவதற்குள் டிரைவர் கட்டிலோரம் உட்கார்ந்து, துண்டில் முடிந்து வைத்திருந்த வெல்லத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இவர் வாயைத் திறந்து வைத்திருந்தார், சின்னக் குழந்தை மாதிரி.

ஓடிப்போய் டிரைவரின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வுடு அண்ணி. டாக்டருக்கு இன்னா தெரியும்? அவுரு பொகைக்குள்ள போய்ப் பாத்துகினு வந்தாரா? ஒரே ஒரு துண்டு. மச்சான் எப்டி கேக்குறான் பாரு."

"அது உள்ள போனா அவர் செத்துடுவாரு."

"நாங்க இன்னா அவனக் கொல்லவா வந்து கீறோம்?"

"ஆமா. நீயும் நானும் சேர்ந்து மூணு மாசமா அதைத்தான் பண்ணிட்டு இருந்தோம்."

வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அந்த மனுஷன் கையில் இருந்ததைத் துண்டோடு சுருட்டிக்கொண்டு எழுந்து போனார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கட்டிலில் கிடந்தவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தகுதி இல்லை என்று எழுதிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தோம். ஊசி போட நர்ஸ் எனக்குச் சாத்துக்குடியில் குத்திப் பழக்கியிருந்தாள். மறுநாள் காலையில் கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்க வைத்து, மருந்தை அளந்து எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் கையை நீட்டவில்லை.

"ஒரு வாரம் விடு. ஊசி இல்லாம உடம்பு தேறிடும். மறுபடி டெஸ்ட் வைக்கச் சொல்லிக் கேட்கிறேன்."

"தேறாது."

"இதைப் போட்டுக்கிட்டா நான் சீக்காளின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். என்னைப் போட்டு வதைக்காத. என் உடம்பு எனக்குத் தெரியும்."

நான் கெஞ்சினேன். திட்டினேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினேன். அவர் மசியவில்லை. எட்டு மணிக்குள் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், மணி எட்டைத் தாண்டிவிட்டது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்து ஒப்பாரி மாதிரி அழுதேன். அவரைக் கட்டிப்போட்டுக் குத்த என்னிடம் பலம் இல்லை. மூன்று மாதம் எதைக் கொடுத்தாலும் வாயைத் திறந்த மனுஷன், பிழைக்கிற மருந்துக்குக் கையை நீட்ட மாட்டேன் என்கிறார்.

அப்போது நிலையத்தில் மணி அடித்தது. தீ என்று அர்த்தம். அவர் சடாரென்று எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார். நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். வண்டி எங்கள் பிளாக்கைத் தாண்டிப் போயிற்று. அவர் உட்காருகிற இடத்தில் வேறு ஒருவன் உட்கார்ந்து ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தான். டிரைவர் நேராக ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போனார்.

சத்தம் ஓய்கிற வரைக்கும் நின்றார். பிறகு உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்து, பனியன் கையைத் தோள் வரைக்கும் மேலே ஏற்றிவிட்டார்.

"போடு" என்றார்.

எலும்பும் தோலுமாக இருந்த அந்தக் கையில் குத்துவதற்குச் சதையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். நான் ஊசியை மட்டும் பார்த்துக்கொண்டு போட்டேன்.